கறை போகவில்லையா, துணி வெளுத்துவிட்டதா? ஆக்சிஜன் பவுடரில் நேரும் தவறுகளும் திருத்தங்களும்

துணிக்கும் டைல்ஸுக்கும் டீ டம்ளருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஒன்றே போதும் என்று விற்கப்படும் கறைநீக்கிப் பவுடர்கள் பெரும்பாலானவற்றில் வேலை செய்யும் பொருள் ஒன்றுதான்: சோடியம் பெர்கார்பனேட். வானிஷ் போன்ற டப்பாக்களில் அதோடு சோப்புப் பொருள்களும் என்சைம்களும் சேர்ந்திருக்கும். ஆன்லைனில் ஆக்சிஜன் பிளீச் என்று கிலோக் கணக்கில் கிடைப்பது அநேகமாகத் தனிப் பெர்கார்பனேட்.

தண்ணீரில் விழுந்ததும் இது இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி சலவை சோடா, மறுபகுதி ஹைட்ரஜன் பெராக்சைடு. சோடா பிசுக்கைத் தளர்த்தும். பெராக்சைடு கறையின் நிறத்தை உடைக்கும். டீ, காபி, பழச்சாறு, வியர்வை, ரத்தம், பூஞ்சை எல்லாம் இதற்கு அடங்கும். துருவும் உப்புப் படிவும் பெயிண்டும் அடங்காது. வெறும் எண்ணெய்க் கறைக்கும் இது முதல் மருந்து அல்ல. கறை போகாதபோது இன்னும் இரண்டு கரண்டி அள்ளிப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. கோளாறு அளவில் இருப்பது அரிது. சூடு, நேரம், கறையின் வகை, தண்ணீரின் தன்மை இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

அடிப்படை அளவு: வெள்ளைப் பருத்தித் துணிக்கு 5 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 30 கிராம். நிறத்துணிக்கு அதில் பாதி. டப்பாவில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு பொருளிலும் பெர்கார்பனேட்டின் பங்கு வேறு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பவுடர் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு இது கடுமையான பொருள், இதில் அலட்சியம் வேண்டாம்.

ஊறவைத்தும் கறை அப்படியே இருக்கிறது

முதலில் சூட்டைப் பாருங்கள். பெர்கார்பனேட் நன்றாக வேலை செய்வது 40 முதல் 60 டிகிரியில். நம் ஊரில் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி அளவில் இருக்கும். அதில் வேலை நடக்கும், ஆனால் மிக மெதுவாக. தெர்மாமீட்டர் தேவையில்லை. கொதிக்கும் தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் 50 டிகிரியைத் தாண்டி நிற்கும். ஒன்றுக்கு நான்கு கலந்தால் 40-க்குச் சற்று மேல். வெள்ளைப் பருத்திக்கு முதல் கலவை, நிறத்துணிக்கும் பாலியஸ்டர் கலந்த துணிக்கும் இரண்டாவது. கொதிநீரைத் துணிமேல் நேராக ஊற்றாதீர்கள். பெராக்சைடு சில நிமிடங்களில் பொங்கித் தீர்ந்துவிடும், கறைக்குப் போய்ச் சேராது.

அடுத்து, பவுடர் முழுதும் கரைந்ததா? துணியைப் போட்ட பிறகு மேலே தூவுவது பரவலான பழக்கம். தூள் அடியில் மணல்போலத் தங்கிவிடும், ஒரு மடிப்பில் மட்டும் அளவுக்கு மிஞ்சி வேலை செய்து திட்டு விழச் செய்யும். வெந்நீரில் பவுடரைப் போட்டு, குச்சியால் ஒரு நிமிடம் கலக்கி, அடியில் குருணை இல்லை என்று பார்த்த பிறகே துணியை முக்க வேண்டும். கறை பட்ட இடம் தண்ணீருக்கு மேலே மிதக்காமல் ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். உலோகத் தட்டு கூடாது, பிளாஸ்டிக்கோ பீங்கானோ போதும்.

மூன்றாவது நேரம். நிறத்துணி அதிகபட்சம் 1 மணி நேரம். வெள்ளை 4 முதல் 6 மணி நேரம். அதற்கு மேல் அதே தண்ணீரில் கிடப்பதால் பயனில்லை, பெராக்சைடு அநேகமாகத் தீர்ந்திருக்கும். கறை பாதி குறைந்திருந்தால் புதிதாக வெந்நீர், புதிதாகப் பவுடர் என்று இரண்டாம் சுற்று வையுங்கள். பழைய கறைகளில் இரட்டை அளவை ஒரே தடவையாகப் போடுவதைவிட, ஒற்றை அளவு இரண்டு சுற்று எப்போதும் நல்ல பலன் தரும்.

மூன்றும் சரியாக இருந்தும் கறை அசையவில்லை என்றால், அது இந்தப் பவுடரின் கறை அல்ல. தடவிப் பாருங்கள். வழுவழுப்பாக, ஈரம் ஒட்டாமல் இருந்தால் எண்ணெய். பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, 10 நிமிடம் வைத்து, வெந்நீரில் அலசிய பிறகு ஊறவையுங்கள். ஆரஞ்சுப் பழுப்பில், ஓரம் கூர்மையாக இருந்தால் துரு. அதற்கு வழி கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் மை என்றால் அடியில் டிஷ்யூ வைத்து, சானிட்டைசரோ ஸ்பிரிட்டோ தொட்டுத் தொட்டு ஒற்றி எடுங்கள். ஜெல் பேனாவின் கறுப்பு பெரும்பாலும் முழுதாகப் போகாது. வாழைக்கறை காய்ந்து பழுப்பேறிவிட்டால் நாலைந்து சுற்றில் மங்கும், அதோடு நிற்கும்.

சாம்பார்க் கறையில் போட்டதும் சிவப்பாகிவிட்டது

பயப்பட வேண்டாம். மஞ்சளின் நிறமியான குர்குமின் காரத்தில் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கும்போது தண்ணீர் சிவப்பதும் இதே வேதிவினைதான். கறை கூடவில்லை, நிறம்தான் மாறியிருக்கிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும்.

குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் தாளித்த எண்ணெய் துணியில் இருக்கும்வரை மஞ்சளும் அதற்குள் பத்திரமாக இருக்கும். வரிசை முக்கியம். சாதத்தையும் பருப்பையும் கரண்டியின் விளிம்பால் வழித்தெடுங்கள். தேய்த்துப் பரப்பாதீர்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை இருபுறமும் தடவி 10 நிமிடம் விட்டு, கை பொறுக்கும் வெந்நீரில் அலசுங்கள். விரலில் பிசுக்கு தெரியாத வரை இதைத் திரும்பச் செய்யலாம். பிறகு பவுடர் கரைசலில் ஒரு மணி நேரம். அலசியபின் ஈரத்தோடு, கறை பட்ட பக்கம் மேலே வருமாறு உச்சி வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமினுக்கு வெயில்தான் உண்மையான எதிரி. பவுடர் மிச்சம் வைத்த மஞ்சளை 3 மணி நேர வெயில் அநேகமாக எடுத்துவிடும். காய்ந்ததும் மறுபடி நனைத்து மறுநாளும் போட்டால் இன்னும் நல்லது. மஞ்சளேறிய பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்கும் இதே வெயில் வைத்தியம்தான். பவுடரில் எவ்வளவு ஊறினாலும் பிளாஸ்டிக்குள் இறங்கிய நிறம் எளிதில் வராது.

கறை முழுதும் போன பிறகே இஸ்திரி. மிச்சக் கறைமேல் சூடு பட்டால் எந்தக் கறையும் இறுகிவிடும்.

வெள்ளை வேட்டி ஊறிய பிறகு மஞ்சளாகிவிட்டது

கறைநீக்கி துணியைக் கெடுத்துவிட்டது என்று இதைத்தான் அதிகம் நினைப்பார்கள். குற்றவாளி தண்ணீர். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காரமும் பெராக்சைடும் சேர்ந்ததும் அந்த இரும்பு துருவாக மாறி, நூல்மேல் மெல்லிய மஞ்சளாகப் படிந்துவிடும்.

சோதனை எளிது. வெள்ளை வாளியில் அந்தத் தண்ணீரை நிரப்பி இரவு முழுதும் திறந்து வையுங்கள். காலையில் மேலே எண்ணெய்ப் படலம்போல மினுக்கமோ, அடியில் ஆரஞ்சு வண்டலோ தெரிந்தால் இரும்பு இருக்கிறது.

படிந்ததை எடுக்க அமிலம் வேண்டும். 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சிட்ரிக் அமிலம், அதாவது கடைகளில் லெமன் சால்ட் என்று கிடைப்பது, 1 மேசைக்கரண்டி கரைத்து வேட்டியை 30 முதல் 60 நிமிடம் ஊறவைத்து மூன்று தண்ணீரில் அலசுங்கள். தனித்த துருப்புள்ளி என்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து ஒரு மணி நேரம் விட்டுக் கழுவலாம். அந்தச் சிட்ரிக் அமிலத் தண்ணீரிலேயே பவுடரையும் போடுவது வீண். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துவிடும். அடுத்த தடவை ஊறவைக்க மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ வடிகட்டிய தண்ணீரையோ பயன்படுத்துங்கள். அலச போர் தண்ணீர் போதும்.

அலசும்போது சின்னச் சின்ன ஓட்டைகள்

இதற்கும் இரும்புதான் காரணம், இன்னும் தீவிரமான வடிவில். துருவோ, இரும்பு, செம்புத் துகளோ துணியில் ஒட்டியிருந்தால், அது பட்ட இடத்தில் பெராக்சைடு வெகுவேகமாகச் சிதைந்து பருத்தி நாரையே அரித்துவிடும். துருப்பிடித்த ஊக்கு, கொக்கி, ஆணியில் மாட்டிய தழும்பு, கம்பிக் கொடியின் கோடு, துரு ஏறிய வாளியின் கைப்பிடி என்று பல இடங்களிலிருந்து வரும். துருக்கறை உள்ள துணியை முதலில் சிட்ரிக் அமிலத்தில் சுத்தம் செய்து அலசிய பிறகுதான் பவுடரில் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளிதான் சரி. உலோக ஜிப், பித்தளைப் பொத்தான் உள்ளவற்றை நெடுநேரம் ஊறவைக்காதீர்கள். விழுந்துவிட்ட ஓட்டைக்கு வைத்தியம் இல்லை.

நிறத்துணியில் வெளிறிய திட்டு, அல்லது தண்ணீரெல்லாம் சாயம்

இரண்டும் வேறு வேறு கோளாறு. தண்ணீரில் சாயம் கலந்தால் அந்தத் துணியின் சாயமே பிடிப்பில்லாதது. வெறும் வெந்நீரில்கூட இறங்கியிருக்கும். துணியை உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். கைத்தறிப் புடவை, சுங்குடி, இயற்கைச் சாயத்துணி, அவுரிச் சாயமிட்ட ஜீன்ஸ் இவற்றில் பவுடர் வேண்டாம். திட்டாக வெளிறினால் பவுடர் கரையாமல் ஒட்டியிருந்தது என்று அர்த்தம். பசையாகக் குழைத்து நேராகக் கறையில் தடவிவிட்டு மறந்தாலும் இப்படி ஆகும். போன நிறம் திரும்பாது.

சோதனை: 1 தேக்கரண்டி பவுடரை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, உள்தையலில் ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்தி எடுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினாலோ, காய்ந்ததும் அந்த இடம் வெளிறினாலோ விட்டுவிடுங்கள்.

பட்டும் கம்பளியும் தோலும் சோதனைக்குக்கூட வேண்டாம். இவை புரத நார்கள். இந்தக் கரைசலின் பி.எச். 10-க்கு மேல், அதாவது புரதத்தைக் கெடுக்கும் அளவுக்குக் காரம். பட்டு முதலில் மினுக்கத்தை இழக்கும், பிறகு முரடாகும். ஜரிகை இருந்தால் கறுக்கவும் கூடும். பட்டுப்புடவைக் கறைக்கு டிரை கிளீனிங்தான் வழி.

ஒரு வெள்ளைத் துணியில் மற்றொன்றின் சாயம் ஏறிவிட்டதா? அதற்கு இது நல்ல மருந்து. காய்வதற்கு முன்பே 50 டிகிரிக் கரைசலில் 6 மணி நேரம், தேவைப்பட்டால் இரண்டாம் சுற்று.

துணி மொரமொரப்பு, கறுப்புத் துணியில் வெண்பூச்சு

கடினத்தண்ணீரில் உள்ள கால்சியம் சலவை சோடாவோடு சேர்ந்து சுண்ணாம்புத் தூளாகப் படிகிறது. துண்டு அட்டைபோல விறைக்கும், கறுப்புப் பேண்டில் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு 1 தேக்கரண்டி சிட்ரிக் அமிலமோ கால் டம்ளர் வெள்ளை வினிகரோ சேர்த்து 5 நிமிடம் முக்கி எடுங்கள். பவுடர் முழுதும் அலசிப் போன பிறகு மட்டும்.

காலர் அழுக்கும் அக்குள் மஞ்சளும்

காலரில் இருப்பது உடம்பின் எண்ணெயும் தோல் துகளும். ஊறவைப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் திரவம் தடவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நூலின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் காலர் பிசிறு அடிக்கும். பிறகு பருத்தி என்றால் 50 டிகிரியில் 2 மணி நேரம்.

அக்குள் மஞ்சள் வேறு. வியர்வையும், வியர்வையடக்கிகளில் உள்ள அலுமினிய உப்பும் சேர்ந்த படிவு அது. இதற்குக் குளோரின் பிளீச் ஊற்றுபவர்கள் பலர். அது மஞ்சளைக் கூட்டும், குறைக்காது. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, 4 மணி நேரம் ஊறவையுங்கள். விறைப்பாக மெழுகுபோல இருந்தால் முந்தின நாளே சிட்ரிக் அமிலத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்து, அலசிவிட்டு, பிறகு பவுடர்.

ரத்தம், பால், முட்டை: வெந்நீரில் போட்டதும் பழுப்பேறி ஒட்டிக்கொண்டது

புரதக் கறைக்கு முதல் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். சூடு பட்டால் முட்டை வேகிற மாதிரி புரதம் நாரிலேயே இறுகிவிடும். புதிய ரத்தம் என்றால் கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு நிறம் குறையும்வரை அலசுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் கரைத்த பவுடரில் ஒரு மணி நேரம். நுரைத்துப் பொங்கும். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற என்சைம் பெராக்சைடை உடைப்பதால் வரும் பொங்கல் அது, பவுடர் அங்கே வீணாகிறது என்றும் பொருள். அதனால்தான் முன்னலசல் அவசியம். ஏற்கெனவே வெந்நீர் பட்டுவிட்டால் என்சைம் சேர்ந்த பவுடரை 30 முதல் 40 டிகிரியில் வைத்து, இரவு முழுதும் விடுங்கள். 60 டிகிரியில் அந்த என்சைம்கள் செயலிழக்கும், ஆகவே இந்தக் கறைக்கு மட்டும் சூடு கூட்ட வேண்டாம்.

மழைக்காலத்துக் கரும்புள்ளி

பீரோவில் ஈரத்தோடு மடித்த வெள்ளைத் துணியிலும் தலையணை உறையிலும் வரும் பூஞ்சை இது. உலர்ந்த புள்ளிகளை வீட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, 60 டிகிரியில் தொடங்கி 6 மணி நேரம், அடுத்தடுத்து இரண்டு மூன்று சுற்று. வாசனையும் பூஞ்சையும் முதல் சுற்றிலேயே போகும். கரும்புள்ளியின் நிறம்தான் கடைசிவரை நிற்கும், பழையதானால் நிழலாகத் தங்கியும்விடும். சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் காரத்தில் தோய்த்து வெள்ளாவி வைத்து வெயிலில் விரித்தபோது பயன்படுத்தியதும் காரம், சூடு, வெயில் என்ற இதே மூன்றைத்தான். வெயிலை நாமும் விட்டுவிட வேண்டாம்.

டைல்ஸ் இடுக்கு வெளுக்கவில்லை

சமையலறை என்றால் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் திரவ சோப்பால் துடைத்தெடுங்கள். 3 மேசைக்கரண்டி பவுடரில் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்கு வரும்வரை குழைத்து, இடுக்கில் தடவி, மேலே ஈரத்துணி போர்த்தி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். காய்ந்துவிட்டால் வினை நின்றுவிடும், போர்த்துவது அதற்குத்தான். நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீரால் இரண்டு தடவை துடைக்க வேண்டும். ஒரு தடவையோடு விட்டால் காய்ந்ததும் சோடா வெள்ளையாகப் பூக்கும், கால் வைத்தால் வழுக்கும். குழைத்த பசையை அன்றே தீர்த்துவிடுங்கள், மிஞ்சியதை மூடி வைக்கக் கூடாது.

இடுக்கில் இருப்பது வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் பொடிவதாக இருந்தால் உப்புப் படிவு. குழாயின் மேலும் ஷவரின் துளைகளிலும் இருப்பதும் அதுவே. பவுடர் அதைத் தொடாது. சிட்ரிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியை 20 நிமிடம் சுற்றி வைத்தால் இளகும். ஆனால் மார்பிள், மொசைக், சிமெண்ட் தரைமேல் எந்த அமிலமும் படக் கூடாது, மெருகைத் தின்றுவிடும். ஆத்தங்குடித் தரையும் சிவப்பு ஆக்சைடு தரையும் எண்ணெய் மெருகில் நிற்பவை. இந்தப் பவுடர் அந்த மெருகை எடுத்துவிடும் என்பதால் வெறும் தண்ணீரே அங்கே நல்லது.

கழிப்பறைக் கோப்பையின் மஞ்சளும் பெரும்பாலும் உப்புப் படிவுதான், அமிலத் திரவத்தின் வேலை.

பாத்திரம் கறுத்துவிட்டது

அலுமினியத்தைக் காரம் அரிக்கும். குக்கர், இட்லித் தட்டு, அலுமினிய வாணலி எதையும் இதில் ஊறவைக்காதீர்கள். கறுத்துவிட்டதா? தண்ணீரில் எலுமிச்சைத் தோலோ புளியோ போட்டு அந்தப் பாத்திரத்திலேயே 10 நிமிடம் கொதிக்கவிட்டால் பெருமளவு வெளுக்கும். பித்தளை, செம்பும் மங்கும். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி மூன்றுக்கும் தைரியமாகப் போடலாம்.

டீக்கறை படிந்த டம்ளர், கப்: 1 லிட்டர் கொதிநீருக்கு 1 தேக்கரண்டி, 20 நிமிடம். இங்கே தேய்ப்பே தேவைப்படாது. அடிப்பிடித்த எவர்சில்வர் பாத்திரம்: 1 மேசைக்கரண்டி பவுடரை அடியில் தூவி, இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, மரக் கரண்டியால் தள்ளிப் பாருங்கள், ஏடாகப் பெயரும்.

ஃபிளாஸ்க்கில்தான் ஆபத்து. 1 தேக்கரண்டி பவுடர், கொதிநீர், அரை மணி நேரம், மூடி திறந்தபடி. மூடினால் வெளியாகும் ஆக்சிஜன் உள்ளே அழுத்தம் ஏற்றி மூடியைத் தெறிக்கவிடும், முகத்தில் கொதிநீரோடு. தண்ணீர் பாட்டிலுக்கும், கரைசலை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி வைப்பதற்கும் இதே எச்சரிக்கை. கரைத்ததைச் சேமிக்கவே கூடாது. இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவிய பிறகே குடிக்கப் பயன்படுத்துங்கள்.

வாஷிங் மெஷினில் நாற்றமும் பழுப்புத் துகளும்

ஃப்ரண்ட் லோடு: முதலில் கதவு ரப்பரின் மடிப்பை விரித்துத் துடையுங்கள், கீழே உள்ள வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். துணி எதுவும் இல்லாமல் டிரம்முக்குள் 100 கிராம் பவுடர் போட்டு 60 டிகிரிக்குக் குறையாத சுற்று ஓட்டுங்கள். ஹீட்டர் இல்லாத டாப் லோடில் தண்ணீரை நிரப்பவிட்டு, பவுடரும் இரண்டு வாளி வெந்நீரும் சேர்த்து, 5 நிமிடம் சுழலவிட்டு, நிறுத்தி 1 மணி நேரம் ஊறவைத்து, பிறகு முழுச் சுற்று. எவ்வளவு சூடு தாங்கும் என்பதை மெஷினின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பழுப்பு ஏடுகள் மிதந்து வந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அவை நிற்கும்வரை வெறும் தண்ணீரில் இன்னொரு சுற்று. நுரை வழிந்தால் சோப்பு கலந்த பவுடர் அது, அடுத்த தடவை பாதி போதும்.

சோபாவில் கறை போய் வட்டம் வந்துவிட்டது

தண்ணீர் அதிகம். நுரையும் அழுக்கும் ஓரத்துக்கு ஓடி அங்கே காய்ந்திருக்கிறது. ஈரமான துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி, அந்தப் பகுதி முழுதையும் ஒரே சீராக லேசாக நனைத்து, மின்விசிறிக்குக் கீழே வேகமாகக் காயவிடுங்கள். மறுநாள் கறை மேலெழுந்து வந்தால் அது அடிப் பஞ்சில் இருந்தது. உலர்ந்த துண்டை மடித்து வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி இரவு முழுதும் உறிஞ்சவிட்டால் தணியும்.

விரல் நுனி வெளுத்து எரிகிறது, அல்லது வாளியிலிருந்து நெடி

விரல் வெளுப்பது பெராக்சைடால். கழுவினால் சில மணி நேரத்தில் இயல்பாகும். கையுறையைத் தவிர்த்ததன் பலன் அது.

நெடி வந்தால் எதையோ சேர்த்திருக்கிறீர்கள். வினிகரோடு சேர்ந்தால் பெராக்சைடு பெர் அசிட்டிக் அமிலமாக மாறி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். பிளீச்சிங் பவுடரும் இதுவும் ஒன்றல்ல, கலந்தால் சூடேறிப் பொங்கி, இரண்டும் வீணாகும். அந்தப் பிளீச்சிங் பவுடரோடு அமிலக் கழிப்பறைத் திரவம் சேர்ந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். ஜன்னல்களைத் திறந்து, உடனே வெளியேறி, மூச்சு சீரான பிறகே உள்ளே போக வேண்டும். இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனை. ஒரு பொருளைப் பயன்படுத்தினால் அதை முழுதும் கழுவிவிட்டு, முடிந்தால் மறுநாள் மற்றதைத் தொடுங்கள்.

பவுடர் கட்டி தட்டிவிட்டது, முன்புபோல வேலை செய்வதில்லை

ஈரக்காற்று பட்டால் பெர்கார்பனேட் டப்பாவுக்குள்ளேயே ஆக்சிஜனை இழந்து வெறும் சலவை சோடாவாகும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் எடுத்து 1 தேக்கரண்டி போட்டுப் பாருங்கள். சுறுசுறுவென்று நுண்குமிழிகள் எழுந்து சில நிமிடம் தொடர்ந்தால் உயிர் இருக்கிறது. அமைதியாகக் கரைந்துவிட்டால் பாத்திரப் பிசுக்குக்கும் தரை துடைக்கவும் பயன்படுத்தலாம், கறைக்கு உதவாது.

ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். வந்த டப்பாவிலேயே, வெயிலும் அடுப்புச் சூடும் படாத உயர்ந்த அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வேறு கொள்கலனுக்கு மாற்றினால் காற்றை முழுதாக அடைக்கும் கண்ணாடி ஜாடி வேண்டாம், உள்ளே சேரும் வாயு சிறிதாவது வெளியேற வழி இருக்க வேண்டும். மண்ணெண்ணெய், எண்ணெய்த் துணி, காகிதக் கட்டு இவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள், ஆக்சிஜன் தரும் பொருள் தீயை வளர்க்கும். வாங்கும்போது, ஆறு மாதத்தில் தீரும் அளவுக்கு மேல் வாங்க வேண்டாம். கிலோவுக்கு விலை குறைவு என்று வாங்கும் பெரிய மூட்டை, மழைக்காலம் தாண்டினால் பாதி சோடாவாகத்தான் மிஞ்சும்.